கறுவா வாசத்துக்கு அடியில்

மகன்,

நீ பொத்துவிலில் இருந்து திரும்பி வரும்போது இந்தக் கடிதம் உன் மேசையில் கிடக்கும். ஃபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஃபோனில் உனக்கு வாயெல்லாம் சீனி. "என்ட உம்மா, என்ட உம்மா" என்று நாலு தரம் சொல்லி, நான் சொல்ல வந்ததை எனக்கே மறக்க வைத்துவிடுவாய். கடிதத்தை உன்னால் இடைமறிக்க முடியாது. அதோடு இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. இதன் கொப்பி ஒன்று மாதர் சங்கத்துப் பெண்களுக்குப் போகிறது, உன் போத்தலை நம்பி வாங்கியவர்கள் அவர்கள் என்பதால். முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியொரு வார்த்தையை எழுதுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. எழுதிவிட்டு அதை அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்க மனம் வரவில்லை. என்னை நினைத்தாலும் அதே அருவருப்புத்தான் வருகிறது, அதையும் இந்தக் கடிதத்தில் எழுதத்தான் போகிறேன்.

போன வருஷம் உன்னை மாப்பிள்ளையாக மருதமுனைக்கு அனுப்பிவிட்டு, சாய்ந்தமருதுவில் நம் வீட்டில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். நல்ல பெண், நல்ல குடும்பம், முன்னறையில் தறி ஓடுகிற உழைப்பாளி வீடு. நீ எண்ணெய்ப் போத்தல் வியாபாரம் தொடங்கினாய் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். அழுக்கணவன் பூச்சிக்கு இயற்கை மருந்து, கறுவாப்பட்டை மரத்து இலையில் வடித்த எண்ணெய், அடித்த அன்றைக்கே காய் பறித்துச் சமைக்கலாம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். போத்தலில் என்னைக் கேட்காமலே 'உம்மா' என்று பெயர் போட்டிருந்தாய். அது வேறு எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தையில் ஒருத்தி என்னைக் காட்டி, இவதான் அந்த உம்மா என்றாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், வெட்கம் கெட்டவள்.

போன வியாழக்கிழமை நான் வந்தது மருமகள் நுஸ்றாவைப் பார்க்க. ஏழு மாத வயிற்றோடு இருக்கிற பிள்ளை, புளியாணம் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நீ வெளியே போயிருந்தாய். அவள் பின்விறாந்தையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, பெரிய பீப்பாயில் இருந்து கோப்பையால் அள்ளி, புனல் வைத்துப் போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெறும் கை. விரலெல்லாம் எண்ணெய் மினுங்கியது. இடைக்கிடை முந்தானையில் கையைத் துடைத்து, அதே முந்தானையால் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். என்னைக் கண்டதும் கையை நீட்டி, "மோந்து பாருங்க மாமி, எப்பிடி வாசம்" என்றாள். குனிந்து மோந்தேன். கறுவா வாசம் குப்பென்று வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தொண்டையில் போய்ப் பிடித்து, நாக்கின் அடியில் கசக்கிற ஒரு நெடி. அந்த நெடியை எனக்குத் தெரியும். ஆனாலும், தறி அறையில் இருந்து சாயத்து மணம் வருகிறதாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல வைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

பிறகு அவள் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பயற்றம் பந்தலைக் காட்டினாள். சங்கத்துப் பெண்களுக்கு நீ எண்ணெய் அடித்துக் காட்டுகிற பந்தல் அதுதானாம். உனக்கு அழுக்கணவனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பயற்றங்கொடியின் குருத்தில், பூவில், பிஞ்சில் கறுப்புக் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு குடிக்கிற சனியன். கை பட்டால் பிசின் போல ஒட்டும், நசுக்கினால் விரல் கறுக்கும், அதைத் தொட்ட கையால் எனக்குச் சோறு இறங்காது. அது ஒழுகவிடுகிற இனிப்பு நீருக்காக எறும்புகள் கொடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பந்தலில் ஒரு அழுக்கணவன் இல்லை. நுஸ்றா கீழே நிலத்தைக் காட்டினாள். "இஞ்ச பாருங்க மாமி, எறும்பும் செத்துக் கிடக்கு. அவ்வளவு நல்ல எண்ணெய்." மணலில் எறும்புகள் கும்பலாகக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு பொறிவண்டு காலை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தன. சவர்க்காரத்தில் குழைத்து அளவாக அடித்த கறுவா எண்ணெய் குருத்தில் இருக்கிற பூச்சியைக் கொல்லும். அடுத்த நாள் நிலத்தில் நடக்கிற எறும்பை இப்படிக் கூட்டமாகக் கொல்லாது. அதற்குப் பிறகு சாயத்து மணம் என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

நீ வந்ததும் உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ மறைக்கக்கூட இல்லை. எண்ணெய் மட்டும் என்றால் மூன்று நாளைக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும், யாருக்கு அதற்குப் பொறுமை இருக்கிறது என்றாய். ஒரு தரம் அடித்ததும் செத்துக் கிடப்பதைக் கண்ணால் கண்டால்தான் அடுத்த போத்தல் வாங்குவார்கள் என்றாய். பீப்பாய்க்கு எவ்வளவு வயல் பூச்சி மருந்து கலக்க வேண்டும் என்று கையால் அளவு காட்டினாய், கறிக்கு உப்புக் காட்டுகிற மாதிரி. அடித்த அன்றைக்கே பறித்துச் சமைக்கச் சொல்லி ஒட்டியிருக்கிறாயே என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று நாளாக அது என் காதில் கிடந்து நாறுகிறது.

"வாசம் தூக்கலா இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லித் தந்ததுதானே உம்மா."

உண்மைதான். மாதர் சங்கத்துப் பெண்களே, நீங்கள் கவனித்து வாசிக்க வேண்டிய இடம் இதுதான். அது என் வாயில் இருந்து வந்த பேச்சு.

கடைகளில் பூச்சி மருந்தும் உரமும் இல்லாமல் போன அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். உன் வாப்பா மௌத்தாகி இரண்டு வருஷம். உனக்குப் பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். பின்வளவில் நான் போட்டிருந்த பயற்றம் பந்தலை நம்பித்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அழுக்கணவன் வந்து குருத்தெல்லாம் சுருண்டுவிட்டது. கல்முனையில் அத்தர் விற்கிற கடைக்காரர் ஒருவர்தான் எனக்குக் கறுவா இலை எண்ணெயைப் பற்றிச் சொன்னார். வெறும் எண்ணெய் தண்ணீரில் சேராது, கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள் என்றும் சொன்னார். நான் காதைப் பொத்தாத குறை. சாப்பிடுகிற காயில் மதுசாரம் படுவதா, ஹறாமான சாமானை வீட்டுக்குள் எடுப்பதா என்று அந்த மனிதரிடம் மார்க்கம் படித்த பெரிய ஆலிமா போல நியாயம் பேசினேன். வீட்டுக்கு வந்து பிஸ்மி சொல்லி எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மருந்தடிக்கிற டாங்கியை உன் முதுகில் மாட்டிவிட்டேன்.

டாங்கி அடியில் இருந்துதான் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருந்தது. முதல் நாலு வரிசைக்கும் நீ வெறும் தண்ணீரை அடித்தாய், கடைசி வரிசைக்கு முழு எண்ணெயையும் அடித்தாய். அடுத்த நாள் காலையில் நாலு வரிசையிலும் அழுக்கணவன் குளித்துவிட்டு வந்தது போல மினுங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரிசை கொதிநீர் ஊற்றியது போல வெந்து தொங்கியது. நீ சிரித்தாய், நான் உன்னை ஏசினேன். எண்ணெயில் கலப்படம் என்று அத்தர் கடைக்காரரையும் ஏசினேன். என்னை மட்டும் ஏசவில்லை.

அப்போதுதான் காரைதீவு புவனா அக்கா வந்தார். நம்மிடம் பயற்றம் விதை வாங்குவதற்குச் சைக்கிளில் வருகிற, திருநீறு பூசிய அந்த மெல்லிய மனிசி. வெந்த வரிசையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "எண்ணெயும் தண்ணியும் சேராது தங்கச்சி. முதல்ல சவுக்காரத்தோட குழைச்செடுங்க" என்று சொல்லிவிட்டு, என் குசினி அடுப்படியிலேயே உட்கார்ந்து செய்து காட்டினார். பார் சவர்க்காரத்தைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, அதில் சொட்டுச் சொட்டாக எண்ணெயை விட்டுப் பால் நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். பிறகுதான் தண்ணீர். முதலில் ஒரு கொடிக்கு மட்டும் அடித்து, இலை கருகுகிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு, இலையைத் திருப்பி, பூச்சியின் மேலேயே படும்படி அடிக்க வேண்டும். பட்டது சாகும், படாதது பிழைக்கும், அதனால் மூன்று நாளைக்கு ஒரு தரம் திரும்ப அடிக்க வேண்டும். வாசம் காற்றோடு போய்விடும், காயில் ஒன்றும் தங்காது, அதனால்தான் அதன் வேலையும் தங்காது என்றார். உன் பீப்பாய்க்கு முன்னால் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பேச்சுத்தான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் நீயும் இரண்டு கிழமை அப்படி அடித்தோம். அழுக்கணவன் ஒரேயடியாக ஒழியவில்லை. குறைந்தது, திரும்ப வந்தது, இன்னும் குறைந்தது. குருத்து நிமிர்ந்து பூ வைத்தது. அந்த எண்ணெயில் ஒரு குறையும் இல்லை மகன். குறை என்னிடம் இருந்தது. ஒரு கல்யாண வலீமா விருந்துக்குக் காய் கேட்டு வந்தார்கள், அதுவும் மருந்தடிக்காத காய்தான் வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். புதன்கிழமை பார்த்தால் பிஞ்சில் மறுபடியும் கறுப்பு. இன்னும் இரண்டு தரம் அடித்தால் சரியாகியிருக்கும், கொஞ்சக் காய் குறைவாகக் கொடுத்திருக்கலாம், இல்லாவிட்டால் காய் இல்லை என்றே சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். உன் மாமாவின் வயல் சாமான் அறையில் பழைய வயல் மருந்துப் போத்தல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தாய். நெடி தெரியுமே உம்மா என்று கேட்டாய். அப்போதுதான் அந்தப் பேச்சைப் பேசினேன். கறுவா எண்ணெயைக் கூடுதலாக ஊற்று, வாசம் தூக்கலாக இருந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று. ஸ்பிரிட் ஹறாம் என்று கடைவீதியில் நியாயம் பேசிய அதே வாயால்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது புவனா அக்கா வந்தார். எப்படி இருக்கிறது பந்தல் என்று பார்க்கத்தான் வந்தார். நான் ஒரு பிடி காய் கட்டி, சந்தோஷமாக அவர் கையில் கொடுத்தேன். அவருக்கும் கொடுத்தேன் என்பதை நினைத்துப் பார். அவர் அதை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு குனிந்து பந்தலுக்குக் கீழே பார்த்தார். அங்கேயும் எறும்புகள் செத்துக் கிடந்தன. காய்க் கட்டைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, வாறன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஏன் அவர் காயை வைத்துவிட்டுப் போகிறார் என்று நீ கேட்டாய். "அவங்கட ஆக்கள் அப்பிடித்தான் மகன், நம்மட கையால வாங்கித் தின்ன மாட்டாங்க" என்றேன். என் குசினியில் உட்கார்ந்து என் கோப்பையில் தேத்தண்ணி குடித்த மனிசியைப் பற்றி, என் களவை மறைக்க அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நீ அதை எத்தனை பேரிடம் சொன்னாயோ எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடம் நீ சொன்னது என் காதிலேயே விழுந்தது, நான் திருத்தவில்லை. வயல் மருந்தைக் கழுவினால் கொஞ்சமாவது போகும். இது எத்தனை வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ.

அந்த வலீமாவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காய் நல்ல இளசு, என்ன வாசம் என்று சொல்லியனுப்பினார்கள். யாராவது ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. ஒன்றும் ஆகாததால் அது தப்பு என்ற நினைப்பே நாளடைவில் எனக்கு இல்லாமல் போய்விட்டது. உனக்கும் அப்படித்தான் போயிருக்கும். ஆனால் நான் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. நீ அதைப் பீப்பாய்க் கணக்கில் செய்கிறாய். போத்தலில் 'மதுசாரம் கலக்காதது, ஹலால்' என்று பச்சை எழுத்தில் அடித்து ஒட்டியிருக்கிறாயே, அதை வியாழக்கிழமைதான் வாசித்தேன். உன் வீட்டுக் கிணற்றடியில் நான் வாந்தியெடுத்தது பஸ் பயணத்தால் இல்லை. அழுக்கணவன் அதைப் படைத்தவன் விட்ட வழியில் சாறு குடிக்கிறது, அது யாரையும் ஏமாற்றவில்லை. அதைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டால் கழுவிவிடலாம். உன் போத்தலைத் தொட்ட கையை எதைப் போட்டுக் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வியாபாரம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறுவா எண்ணெய் விற்கலாம், கராம்பு எண்ணெய் விற்கலாம், எலுமிச்சை மணக்கிற சேரைப் புல்லில் வடித்ததையும் விற்கலாம். அதன் பலவீனத்தையும் சேர்த்து விற்க வேண்டும். ஒரு தரத்தில் முடியாது, மூன்று நாளைக்கு ஒரு தரம் முதுகு வளைய வேண்டும், அளவு கூடினால் இலை வேகும், மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும் என்று போத்தலில் எழுதி விற்க வேண்டும். அப்படி எழுதினால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாங்கமாட்டார்கள். மிச்ச இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, அவர்களுடைய பிள்ளைகள் கொடியில் இருந்து காயைப் பிடுங்கிப் பச்சையாகக் கடிப்பதைப் பயமில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்த 'உம்மா' என்ற பெயரை மட்டும் எடுத்துவிடு. நான் அதற்குத் தகுதியானவள் இல்லை என்பதை இப்போது ஊரே வாசிக்கிறது.

வியாழக்கிழமை நீ, "இந்தச் சரக்கு முடியட்டும் உம்மா, மறுகா நிப்பாட்டுறன்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கு மிகவும் கூசுகிற வரி இதுதான். உன் சந்தோஷம் கெட்டுவிடுமே, புது இடத்தில் உன் மரியாதை போய்விடுமே, பிள்ளை பிறக்கப் போகிற நேரத்தில் சச்சரவு வந்துவிடுமே என்று வெள்ளியும் சனியும் வீட்டில் குந்தியிருந்தேன். அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் வெறும் கையால் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாள் உன் கணக்கில் இல்லை, என் கணக்கில் இருக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீ பொத்துவில் விடுதிக்காரர்களின் தோட்டங்களுக்குப் போத்தல் கொண்டுபோன பிறகு, விடியச் சுபஹு தொழுத கையோடு மருதமுனைக்கு வந்தேன். பீப்பாயை இழுத்து மூடிக் கயிறு கட்டினேன். சங்கத் தலைவியின் வீட்டுக்குப் போய், விற்ற போத்தல் எதையும் ஒருவரும் திறக்க வேண்டாம், அடித்த பந்தலில் காய் பறிக்க வேண்டாம், கோழியையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். முதலில் என் பெயரைச் சொன்னேன், பிறகு உன் பெயரைச் சொன்னேன். விடுதிக்காரர்களுக்கு நீதான் போய்ச் சொல்ல வேண்டும். நாளை மத்தியானத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நானே பஸ் ஏறிப் பொத்துவிலுக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். அதற்குப் பிறகு காரைதீவுக்கும் போக வேண்டும். அங்கே என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியாது.

திரும்பி வந்து நுஸ்றாவின் இரண்டு கையையும் பிடித்துக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். முழங்கை வரைக்கும், மூன்று தரம். முந்தானையை மாற்றச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, என்ன மாமி, சின்னப் புள்ளையக் கழுவுற மாதிரி என்றாள். உட்கார வைத்துச் சொன்னேன். பீப்பாயில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னேன். எவ்வளவு நாளாக என்பதையும் சொன்னேன். நாளைக்குக் கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"இவருக்குத் தெரியுமா மாமி?"

உனக்காக நான் எத்தனையோ தரம் பொய் சொல்லியிருக்கிறேன். உன் வாப்பாவிடம், பள்ளிக்கூடத்தில், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம். அந்தப் பொய்கள் எல்லாம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. ஓம் மகள், தெரியும் என்றேன். அவள் வயிற்றில் இருந்த கையை எடுத்தாள். கழுவிய கைதான். விரலை மோந்து பார்த்தாள். திரும்பவும் அதை வயிற்றில் வைக்காமல், தன் உடம்பில் எங்கேயும் படாமல், காற்றில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் இதை எழுதி முடிக்கிறபோதும் அப்படியேதான் இருக்கிறாள்.

உம்மா